தார் ரோட்டில் நான், மணலில் பிலோமினா அக்கா

எண்ணூர்ப் பக்கம் தார் ரோடு அப்போது சட்டென்று நின்றுவிடும். அதற்கு மேல் போட சர்க்காருக்கு மனசு வரவில்லையா, தார் தீர்ந்துபோய்விட்டதா, எனக்குத் தெரியாது. ஒரு பூவரச மரம், அதைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். தினமும் வெயில் ஏறுவதற்குள் எங்கள் லாரி அந்த மரத்தடியில் போய் நிற்கும்.

நான் வலது பக்கக் கதவைத் திறந்து இறங்குவேன். வண்டியின் சொந்தக்காரர் பிலோமினா அக்கா இடது பக்கம் இறங்குவார். இரண்டு பேரும் வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒருவரையொருவர் தாண்டிப் போவோம். அவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலின் குதிகாலை மணலில் இரண்டு மூன்று இடத்தில் ஊன்றிப் பார்ப்பார். புடவைக்கு மேல் போட்டிருக்கும் பழைய காக்கிச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு என் சீட்டில் ஏறி உட்காருவார். நான் சுற்றிப் போய் அவர் சீட்டில் உட்காருவேன்.

தார் ரோட்டில் நான் டிரைவர். மணலில் அவர் டிரைவர். மீனை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அதே மரத்தடியில் மறுபடி இடம் மாறுவோம். முதல் ஒரு வருஷம் இப்படித்தான் ஓடியது.

இதை இந்த வாரம் எழுதக் காரணம் ஒரு வாசகர். சொந்தமாக ஜீப் வைத்திருக்கிறாராம். 'நான்கு சக்கரமும் இழுக்கும்படி இணைத்தே எப்போதும் ஓட்டுகிறேன், நல்ல ரோட்டில்கூட. பிடிமானம் பிரமாதம்' என்று பெருமையாகக் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, கடிதம் எழுதுகிற நேரத்தில் போய் முதலில் முன் சக்கரத்தை இணைக்கிற அந்த லீவரை எடுங்கள். பிறகு உட்கார்ந்து இதைப் படியுங்கள். உங்களைப் போல ஒரு மேதாவி உங்களுக்கு முன்பே இருந்தான். அவன் பெயர் கொருக்குப்பேட்டை முனுசாமி. அதாவது நான்.

யாருக்கும் வேண்டாத வண்டி

உலக மகா சண்டை முடிந்த இரண்டு மூன்று வருஷத்தில் பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டார்கள். ஓடுகிறது, ஓடாதது, பாதி ஓடுகிறது என்று எல்லாம் ஒரே வரிசையில் நின்றது. நல்ல லாரிகளை உள்ளூர் முதலாளிகள் தட்டிக்கொண்டு போனார்கள். மூக்கு சப்பையாக, பச்சை பெயின்ட் உரிந்து, கியர் ராடு தவிர இன்னும் இரண்டு லீவர் துருத்திக்கொண்டிருந்த ஒரு வண்டியை மட்டும் யாரும் சீந்தவில்லை. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் என்று பயம். பெட்ரோலுக்குக் கூப்பன் வாங்கக் கால் கடுக்க நின்ற காலம் அது.

அந்த வண்டியை எடுத்தது ராயபுரத்துப் பெண் ஒருவர் என்று கேள்விப்பட்டதும் எங்கள் லாரி ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். எட்டு வருஷம் லாரி ஓட்டியவன் என்ற திமிர்.

பிலோமினா அக்காவுக்கு அப்போது முப்பது வயசு இருக்கும். சண்டைக் காலத்தில் பெண்களுக்கான பட்டாளப் பிரிவில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். மலைச் சேற்றிலும் ஆற்று மணலிலும் அடிபட்டவர்களைப் படுக்க வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். திரும்பி வந்ததும் அண்ணன் வீட்டில் தையல் மிஷினில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தார். ஆறு மாதம் ஜாக்கெட் தைத்தார். பிறகு எழுந்து போய் அந்த லாரியை எடுத்துவிட்டார்.

அவருடைய கணக்கு இதுதான். முகத்துவாரத்துக்குத் தெற்கே மணல் திட்டில் ஒரு குப்பம். பெரிய வலை போடுகிறவர்கள். மீன் கொள்ளையாக விழும், ஆனால் ரோடு கிடையாது. கால்வாய்ப் படகில் ஏற்றி அது ஆடி அசைந்து ராயபுரம் வந்து சேர்வதற்குள் பாதி மீன் கண் வெளுத்துப்போகும். மணலில் போகிற வண்டி இருந்தால் காலை ஏலத்துக்கே மீன் வந்துவிடும். அப்படிப் போகக்கூடிய வண்டி அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான்.

குப்பத்துத் தலைவர்களான நாட்டார்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு பேச்சு வைத்தார்கள். வண்டியால் ஒரு நாள் மீன் கெட்டாலும் மறுநாளிலிருந்து மீன் பழையபடி படகுக்குத்தான். ஒரு பெண் வண்டி ஓட்டுவது அவர்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் தலையில் கூடையை வைத்துக்கொண்டு ஊரையே அதட்டி விற்றுவிட்டு வருகிறவர்கள்.

முரண்டு பிடித்தது ராயபுரம்தான். ஏல மண்டிக்காரர் மஸ்தான் பாய் நல்ல மனுஷர், வாக்கு சுத்தம். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பொம்பள ஓட்டிகினு வர்ற வண்டில மீன் எறக்குனா மண்டில நாலு பேரு சிரிப்பாங்கம்மா. வண்டி உன்னுது, அதுல எனக்குப் பேச்சு இல்ல. ஒரு ஆம்பள டிரைவர வெச்சிக்கோ" என்றார்.

அந்த ஆம்பளை டிரைவர்தான் நான்.

மணலுக்கு ஒரு கை, சேற்றுக்கு ஒரு கை

முதல் நாள் பூவரச மரத்தடியில் அக்கா இடம் மாறச் சொன்னபோது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மணல்ல நானே ஓட்டிக்கிறேன்" என்றேன். அவர் கையைக் காட்டி, போ என்றார். பத்து கஜம் போனேன். பின் சக்கரம் சுழன்றது. நான் இன்னும் அமுக்கினேன். அது இன்னும் தோண்டியது. கீழே இறங்கிப் பார்த்தால் அச்சு மணலில் உட்கார்ந்திருக்கிறது.

"முடிஞ்சிதா? இப்ப தள்ளிக்கோ" என்றார்.

சக்கரத்துக்குப் பின்னால் மணலைக் கையால் வாரி எடுத்தோம். நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். டயர் அடிவயிறு பிதுங்கிப் பரந்து உட்காரும் வரை இறக்கினார். நடு லீவரை முன்னுக்குத் தள்ளி, முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி முன் ஆக்ஸிலை இணைத்தார். இன்னொன்றை இழுத்து, வேகம் குறைந்து இழுப்பு கூடுகிற சின்ன கியரில் போட்டார். வந்த தடத்திலேயே பின்னால் எடுத்து, பிறகு முன்னால் விட்டார். வண்டி எழுந்து நடந்தது. அவ்வளவு பெரிய இரும்பு அப்படிப் பதவிசாகப் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் மணலில் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆக்ஸிலரேட்டரில் வைத்த கால் வைத்தபடி இருக்கும். தூக்கவும் மாட்டார், அமுக்கவும் மாட்டார். சட்டென்று திருப்ப மாட்டார். பிரேக்கைத் தொடவே மாட்டார், வண்டி தானாக ஓய்ந்து நிற்க வேண்டும். நிறுத்துவது எப்போதும் இறக்கம் பார்த்துத்தான். அடும்புக் கொடி படர்ந்த இடமாகத் தேடித் தேடிச் சக்கரத்தை விடுவார். கொடியின் வேர் மணலைப் பிடித்து வைத்திருக்கும். வெறும் மணல் வெள்ளையாக மின்னினால் ஒதுங்கிப் போய்விடுவார். "மினுக்கிகினு கீதுல்ல, அத்த நம்பாத" என்பார்.

ஒரு மழை நாளில் குப்பத்துத் தடத்தில் தண்ணீர் நின்றுவிட, உப்பளத்து ஓரமாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. உப்பளத்து மண் ஒரு போக்கிரி. மேலே அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கும், கீழே களி. நான் முந்திக்கொண்டு காற்றை இறக்கப் போனேன். அக்கா கத்தினார். "மணலுக்குத்தான் அது! சேத்துல டயரு கடிக்கணும். எறக்குனா வயுக்கிகினு பூடும்." அன்று சின்ன கியரும் இல்லை. முன் ஆக்ஸிலை மட்டும் இணைத்து, கெட்டித் தரையிலேயே வேகம் பிடித்து, அந்த வேகம் குறையாமல் ஒரே ஓட்டமாக அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார். கண்ணாடி முழுக்கச் சேறு. எனக்கு வாயெல்லாம் உப்புக் கரித்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மரத்தடிக்குத் திரும்பியதும் முதல் வேலை முன் ஆக்ஸிலைப் பிரிப்பது. இரண்டாவது கைப் பம்பால் காற்றடிப்பது. இதில் அவர் கண்டிப்பு. மழை பெய்து தார் நனைந்திருந்தாலும் சரி, துறைமுகத்துக் கருங்கல் பாவிய ரோடாக இருந்தாலும் சரி, தரை கெட்டியாக இருந்தால் முன் ஆக்ஸிலுக்கு வேலை இல்லை.

எனக்கு இது விளங்கவே இல்லை. நான்கு மாடு பூட்டி இழுக்கிற வண்டியில் இரண்டை எதற்கு அவிழ்த்துவிட வேண்டும்? ஒருநாள் கேட்டேன்.

"ரோடு திரும்புது, சரியா? முன் சக்கரம் சுத்திப் போவுது. பின் சக்கரம் குறுக்கால போவுது. ரெண்டும் ஒரே மாதிரிதான் சுத்தணும்னு நீ கட்டி வெச்சிட்ட. அப்ப எதுனா ஒண்ணு சறுக்கியாவணும். மணல்ல சறுக்கிக்கும், தார்ல எங்க சறுக்கும்? உள்ளயே முறுக்கிக்கும். ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் புடிச்சிகினு ஈரத் துணி பிழியறாங்கல்ல, அந்த மாதிரி. எவ்ளோ தூரம் பிழியும்? ஒருநாள் கியியும்."

தலையாட்டினேன். மனசுக்குள், இரும்பு எங்கேயாவது துணி மாதிரி முறுக்குமா என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருஷ டிரைவராயிற்றே.

ஹேண்டில் திருப்பி அடித்தது

ஒரு நாள் விடியற்காலையிலிருந்தே தூறல். குப்பத்தில் பெரிய வலை கரைக்கு வந்தபோது ஜனங்கள் போட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கவலை மீன், வவ்வால், இடையிடையே வஞ்சிரம். வண்டி கொள்ளுமட்டும் ஏற்றி, ஐஸ் கொட்டி, ஓலைப் பாய் போட்டு மூடினோம். குப்பத்தின் சார்பில் ஏலத்தைப் பார்க்க எப்போதும் வரும் ஏகாம்பரம் கூடைகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

நான் பின்பக்கக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேரமாகிறது என்று அக்கா தானே முன்னால் போய் இன்ஜினைக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலைச் சுற்றினார். இன்ஜின் ஒருதரம் இருமி, ஹேண்டிலைத் திருப்பி அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். சத்தமே போடவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணிக்கட்டு வீங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா" என்றேன்.

"மீன் மொதல்ல. நீ ஓட்டு."

"மணல்லயா?"

"பின்ன, பறந்தா போவ? இன்னிக்கி மீன் கெட்டுச்சின்னா நாளையிலேர்ந்து படகுதான். இந்த வண்டிய வேற யாரு வாடகைக்குக் கூப்புடுவான்? நான் போயி மறுபடி மிஷின்ல குந்திக்க வேண்டியதுதான். ஏறு, முன்சாமி."

ஏறினேன். அக்கா முந்தானையைக் கிழித்து மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மைல் மணல். "அடும்பு மேல வுடு. கால அப்பிடியே வெச்சிகினு இரு. பயப்புடாத, வண்டிக்கு வயி தெரியும்." நடுவில் ஓரிடத்தில் வண்டி திணறியது. என் கால் தானாக அமுக்கப் போனது. "ம்ஹூம்" என்றார். அமுக்கவில்லை. வண்டி மெல்ல மூச்சு வாங்கி மேலே ஏறியது.

பூவரச மரம் கண்ணில் பட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வந்ததில்லை. என் மனைவி இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

"ஆச்சுக்கா"

ஏகாம்பரமும் நானும் மாறி மாறிப் பம்படித்தோம். அவன் திரும்பவும் கூடை மேல் ஏறிக்கொண்டான். நான் வந்து சீட்டில் உட்கார்ந்தேன். சின்ன கியர் லீவரை எடுத்தேன். முன் ஆக்ஸில் லீவர் மேல் கையை வைத்தேன்.

எடுக்கவில்லை.

மறந்துபோய் எடுக்காமல் விடவில்லை. இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். தார் நனைந்து பளபளத்தது. வண்டியில் என்றுமில்லாத பாரம். மணலில் அவ்வளவு அழகாக இழுத்த நான்கு சக்கரத்தை இப்போது போய் ஏன் இரண்டாக்க வேண்டும்? ஒரு மைல் மணலை ஓட்டிவிட்டதில் தலை கனத்துவிட்டது. இந்த வண்டியைப் பற்றி இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது.

அக்கா கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்திருந்தார். வலி. கண்ணைத் திறக்காமலே கேட்டார். "முன் ஆக்ஸிலு எடுத்துட்டியா?"

"ஆச்சுக்கா" என்றேன்.

திருவொற்றியூர் வரை ரோடு நேர். ஒன்றும் தெரியவில்லை. நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அதற்கப்புறம் திருப்பம் வர வர ஸ்டியரிங் கனத்தது. திருப்பினால் திரும்ப மாட்டேன் என்றது, திரும்பினால் நேராக மாட்டேன் என்றது. தண்டையார்பேட்டையில் ஒரு மாட்டுவண்டிக்கு ஒதுங்கினபோது ரப்பர் கருகும் வாசனை வந்தது. முன்னால் போகிற வண்டியின் வாசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைக்கு எட்டாத எங்கேயோ அடியில் வண்டி முனகியது.

ராயபுரத்துக்குள் டிராம் தண்டவாளம் வளைகிற இடத்தில் முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது. பாதி திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுந்திருக்கிறது, வண்டி மட்டும் யாரோ கட்டிப் போட்டது போல நகர மாட்டேன் என்கிறது.

டிராம் தண்டவாளத்தின் மேல்

கிளட்சை மிதித்துக்கொண்டு, இடது கையைச் சத்தமில்லாமல் இறக்கி அந்த லீவரை இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். பற்றவைத்தது போல இறுகியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணைத் திறந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. லீவர் மேல் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "முன்னால எடுக்காத. இன்னும் ஒரு முறுக்கு ஏறுச்சின்னா உள்ள பல்லு ஒடஞ்சிடும்" என்றார். "ஏறின முறுக்கு எறங்கணும். நேரா பின்னால எடு. இருவது கஜம். ஸ்டியரிங்க ஆட்டாத."

எதிரே டிராம் வந்து நின்று மணியடிக்க ஆரம்பித்தது. பின்னால் கயிறு ஏற்றின மாட்டுவண்டிகள். வழக்கத்தைவிட நேரமாகிவிட்டதே என்று மண்டியிலிருந்து மஸ்தான் பாயே குடையோடு வந்துகொண்டிருந்தார். ஐஸ் உருகி, பின்பக்கப் பலகை வழியே மீன் தண்ணீர் ரோட்டில் சொட்டியது. வெயில் வேறு எட்டிப் பார்த்தது.

பின்னால் எடுத்தேன். பதற்றத்தில் என் கை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருகியது. வண்டி கோணிக்கொண்டு போய், இறங்க வேண்டிய முறுக்கு இன்னும் ஏறியது. அடியில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். மேலிருந்து ஏகாம்பரம் கூரையைத் தட்டினான். "இன்னாபா இது, வண்டி பின்னால போவுது! மண்டி அந்தாண்ட கீது!"

அக்கா கதவைத் திறந்து இறங்கினார். முன்னால் சுற்றி வந்தார். எண்ணூர் மரத்தடியில் மட்டுமே நடக்கிற காரியம், பட்டப்பகலில் ராயபுரம் நடுரோட்டில், டிராம் ஜனம் மொத்தமும் பார்க்க நடந்தது. கதவைத் திறந்து, "நவுரு" என்றார்.

நகர்ந்து அவர் இடத்துக்குப் போனேன். வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "கியர் நீ போடு. நான் சொல்லும்போது. பின் கியரு." கிளட்சை மிதித்தார். போட்டேன். ஜனம் ஓவென்று கத்தியது. யாரோ சீழ்க்கை அடித்தான். "பொம்பள ஓட்டுதுடா டோய், ஓடிப்போங்க!" மாட்டுவண்டிக்காரர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள்.

முதலில் ஸ்டியரிங்கை மயிரிழை மயிரிழையாக நேராக்கினார். பிறகு விட்டார். பின்னால் பார்க்கக் கண்ணாடி கிடையாது, கதவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால், நூல் பிடித்த மாதிரி அந்த வண்டியைப் பின்னால் கொண்டுபோனார். அத்தனை கூச்சலில் அவருடைய கால் ஒரே சீராக இருந்தது. மணலில் இருக்குமே, அதே கால். பத்து கஜம். பதினைந்து. வண்டியின் வயிற்றில் ஏதோ தளர்வது என் பாதத்துக்குத் தெரிந்தது.

"இப்ப இயு."

இழுத்தேன். 'டக்' என்று லீவர் வெண்ணெயாக என் கையோடு வந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா" என்றேன். "மொதல் கியரு போடு. மீன் கெடுது" என்றார். ஸ்டியரிங் அவர் கையில், கியர் என் கையில், இரண்டு பேருமாக ஒரு டிரைவர் ஆகி மண்டி வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தினோம்.

மஸ்தான் பாய் கேட்ட கேள்வி

ஓலைப் பாயை விலக்கி முதல் கூடையை இறக்கினார்கள். மஸ்தான் பாய் ஒரு வவ்வாலை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. இன்னொன்று. அதுவும் சிவப்பு. "கூவு" என்று ஏலக்காரனுக்குக் கையைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். ஏகாம்பரம் பக்கத்தில் வந்து நின்றான். மண்டி ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"இன்னாம்மா நடந்துச்சி? வண்டி ஏன் நடுரோட்ல பின்னால போச்சி?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டார்.

"என் தப்பு பாய். லீவர மாத்தணும்னு எனக்குத்தான் ஞாபகம் இல்ல. முன்சாமி நல்லாத்தான் ஓட்டிகினு வந்தான். கை ஒடஞ்சப்ப மணல்லேர்ந்து மீனக் கொண்டாந்ததே அவன்தான்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "இனிமேட்டு ராயபுரத்துல நீ ஸ்டியரிங்க தொடாதம்மா."

"சரி பாய்" என்றார் அக்கா.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. ஏகாம்பரம் என் தோளில் தட்டி, "ஜோரா இட்டாந்த மாமு, குப்பத்துல சொல்றேன்" என்று போனான்.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்துக் கேட்டேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"கட்டுப் போட்டா ரெண்டு மாசம் ஆவும். அது வரிக்கும் மணல்ல நீதான் ஓட்டணும். டிரைவரு பொய் சொன்னான், அதால வண்டி நின்னுச்சின்னு ஏகாம்பரம் போய் சொன்னா, நாளைக்கி உன்ன நம்பி எவன் கூடைய ஏத்துவான்? உன் பேரு கெட்டா மீன் வராது. என் பேரு கெட்டா இன்னா? நான் எப்பிடியும் பக்கத்துல குந்திகினுதான வரப்போறேன்." உள்ளே போகத் திரும்பியவர், "ஆனா முன்சாமி, என்னாண்ட அந்த மாதிரி இன்னொரு வாட்டி சொல்லாத" என்றார்.

சொல்லவில்லை. அந்த இரண்டு மாதமும் ஒரு நாள்கூட மீன் கெடவில்லை. கட்டுப் பிரித்த மறுநாள் மரத்தடியில் இறங்கி வந்து, பழையபடி மணலில் குதிகாலை ஊன்றிப் பார்த்தார். அப்புறமும் இரண்டு வருஷம், ரோடு வந்து சேரும் வரை, எண்ணூர் மணலில் அவரைப் போல ஓட்ட ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்து மதராசிலேயே கிடையாது.

ஆனால் ராயபுரத்துக்கு அது தெரியாது. ராயபுரம் பார்த்ததெல்லாம் அந்த இருபது கஜம்தான். ஒரு பெண் ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் வண்டி பின்னால் போன கதை மண்டியில் கிளம்பி, மீன் கூடையோடு தெருத் தெருவாகப் போனது. அக்காவுக்கு 'ரிவர்ஸ் பிலோமினா' என்று பெயர் வைத்தார்கள். அவரும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்.

போன வருஷம் அக்கா இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பழைய மண்டி ஆள் ஒருவர் அந்தக் கதையை எடுத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பிரியமாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும், அவரைப் புதைத்த மண் காய்வதற்கு முன்னால், கூட நின்று சிரித்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அதனால் ராயபுரத்துக்காரர்கள் யார் இதைப் படித்தாலும், படிக்கத் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அந்த லீவரை எடுக்காமலே எடுத்துவிட்டேன் என்று சொன்னவன் நான். ஒற்றைக் கையால் அந்த வண்டியைக் காப்பாற்றியது பிலோமினா அக்கா.